இடது பக்கம் இழுத்த பின்வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை லாந்தர்க் கண்ணாடி துடைத்தேன். மண்ணெண்ணெய் தொட்ட துணியில் அடுப்புச் சாம்பலை ஒற்றித் தேய்த்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை. எலுமிச்சைத் தோல் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த மணம் போகவில்லை. சோறு பிசையும்போது வந்தது. பேத்திக்குத் தலை பின்னும்போதும் வந்தது. "அப்பாயி, உங்க கையில லாந்தர் மணக்குது" என்று அவள் தலையை இழுத்துக்கொண்டாள். லாந்தர் இல்லையடி, உன் சின்னத் தாத்தா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடும்.

அந்த மணம் வந்தால் எனக்கு நீ வந்த மாதிரிதான். அதனால் இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாம் வகுப்புக்காரி மடல் எழுதுகிறாளாம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். கண்டியில் நாங்கள் இருக்கிற இந்த வீட்டு வரிசையில் ஊருக்குக் கடிதம் போட வேண்டியவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள். என் எழுத்தைத் தபால்காரர்கூடப் பாராட்டியிருக்கிறார். எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, பேரன் பேத்தி ஐந்து பேர். நீ மட்டும் இன்னும் இருபத்தாறு வயதிலேயே நிற்கிறாய். அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. இப்போது நீ வாசலில் வந்து நின்றால், பார்க்கிறவர்கள் உன்னை என் மகன் என்றுதான் சொல்வார்கள்.

மடுல்கெல்லத் தோட்டத்து லொறியை நீ மறந்திருக்க மாட்டாய். ஸ்டோரிலிருந்து, அதுதான் தேயிலை ஆலையிலிருந்து, தேயிலைப் பெட்டிகளை வத்தேகம ஸ்டேஷனுக்கு இறக்கும். லொறியில் அடங்காததற்கு அதன் வாலில் கொக்கி போட்டு ஒரு பின்வண்டி. இரண்டே சக்கரம், மேலே பலகைத் தட்டு. பள்ளத்தில் இறங்கும்போது பின்வண்டி லொறியை முட்டித் தள்ளாமல் இருக்க அதற்கென்று தனியாக ஒரு பிரேக், அதைச் சுற்றுவதற்குப் பின்பலகையில் ஓர் ஆள். அந்த ஆள் நீ. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றபடியே போவாய். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தால் ஒரு கையை விட்டுவிட்டு ஆட்டுவாய். பிடித்துக்கொண்டு நில்லுடா என்று நான் கத்துவேன். "அக்கா, முன்னால உக்காந்திருக்கிறவருக்குப் பின்னால நடக்கிறது தெரியாது. அதுக்குத்தான் என்னைய நிக்க வச்சிருக்காங்க" என்பாய், ஏதோ துரை உத்தியோகம் பார்க்கிறவன் மாதிரி.

ஒரு மழை நாளில், மத்தியானத்தில், மூங்கில் வளைவில் பின்வண்டியின் இடது சக்கரம் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி மதகுக் கல்லில் மோதியது. நீ விழுந்தாய். வண்டி உன் பக்கம் சாய்ந்தது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே.

உன் கருமாதி முடிந்த மறுநாளே பின்வண்டியை மறுபடி ஓடவிட்டார்கள். நசுங்கின சக்கரத்தைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. தெரியாது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் சொன்னது டிரைவர் காசிம் நானாதான். கெலிஓயாக்காரர், வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் இல்லை. "நான் திருப்பல்ல தங்கச்சி. பொறகால யாரோ பள்ளத்துப் பக்கம் புடிச்சு இழுக்கிற மாதிரி ஈக்கிது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். போகிற வழியில் நமக்கு இடது பக்கம்தான் பள்ளம். மூங்கில் வளைவில் மட்டும் என்று இல்லை, எல்லா வளைவிலும் பின்வண்டி இடது பக்கம் ஒதுங்கியது.

பிறகு கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் தடத்தைப் பார்த்தார்கள். ஈர மண்ணில் லொறிச் சக்கரம் போன தடத்தின் மேலேயே பின்வண்டித் தடமும் விழ வேண்டும். விழவில்லை. ஒரு சாண் தள்ளி, தனியாக ஒரு கோடு கூடவே போயிருந்தது. லொறிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நடந்த மாதிரி. நானும் போய்ப் பார்த்தேன். வளைவு வரைக்கும் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே நடந்தேன். அதன் மேல் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

சத்தம் வேறு. இடது சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை மூச்சை உள்ளே இழுக்கும். வண்டி மேட்டில் மெதுவாக ஏறும்போது லயத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வண்டி போன பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். ஒருநாள் ஸ்டோர் வாசலில் வண்டி நின்றபோது நான் அந்தச் சக்கரத்தின் நடுக் குடத்தில் கை வைத்துப் பார்த்தேன். வலது பக்கத்துக் குடம் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. இடது பக்கம் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நீ சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இப்படித்தான் உன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கையை எடுக்கவே முடியவில்லை.

அதற்குள் தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பின்பலகையில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. யாரும் உன் பேரைச் சொல்லவில்லை. "அந்தப் பய" என்றார்கள். தனியாகப் போகப் பிடிக்காமல் துணைக்கு ஆள் தேடுகிறான் என்று பக்கத்து லயத்துச் சின்னம்மா, நம் அம்மாவின் தங்கச்சியே, என் வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்னாள். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கு நடுவில் மாத்தளைத் தேர் வந்தது. தேர் பார்க்கப் பெண்களும் பிள்ளைகளும் போய்வர லொறியையும் பின்வண்டியையும் தருவதாகத் துரை உத்தரவு கொடுத்துவிட்டார். லொறியில் ஒரு பாதி, பின்வண்டியில் ஒரு பாதி. பின்வண்டியில் மட்டும் நாற்பது பேர் ஏறுவார்கள் என்று பேச்சு. என் மகளும் அதில்தான். அவள் பச்சைச் சேலையைத் துவைத்து வைத்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கோ சோறு இறங்கவில்லை. வளைவுக்கு வளைவு பள்ளத்துப் பக்கம் போகிற வண்டியில் நாற்பது பேர்.

என் முகத்தைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர், உன் மச்சான், ஒருநாள் எழுந்தார். ஸ்டோர் எஞ்சினைப் பார்ப்பதும் பட்டறையில் இரும்பு அடிப்பதும் அவர் வேலை. பின்வண்டியைப் பார்க்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "பேயோ இரும்போ, தூக்கிப் பாத்தாத் தெரியும்" என்றார்.

இடது பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதன் விளிம்பில் சோக்குக் கட்டியைப் பிடித்தார். சக்கரம் கோணி இருந்தால் ஓரிடத்தில் மட்டும் சோக்குப் படும். வட்டம் முழுக்க ஒரே மாதிரி வெள்ளைக் கோடு விழுந்தது. சக்கரத்தில் குற்றம் இல்லை என்றார். ரப்பரைத் தடவினார். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது; உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. பிறகு ஒரு மூங்கில் குச்சியை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் முன்பக்கமாக வைத்து அளவாக வெட்டினார். அதே குச்சியைப் பின்பக்கம் வைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இரண்டு விரல் நீளம் கூடுதல். இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்து நிற்காமல், இடது சக்கரம் மட்டும் முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் பிடித்ததும் வெளியே வந்துவிட்டது. குடத்துக்கு உள்பக்கம் ஒரு சாண் தள்ளி அச்சு பின்னால் வளைந்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நூலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பிறை அளவு வெளிச்சம் தெரிந்தது. நீ விழுந்த அன்றைக்கு, அந்த மதகுக் கல்லில் அடிபட்டு வளைந்தது. புதுச் சக்கரம் மாட்டினவர்கள் அச்சைப் பார்க்கவே இல்லை.

எனக்கு அதோடு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ விழுந்த நேரம் அந்த இரும்புக்குள் வளைந்து கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் சிரட்டைக் கரி போட்டு உலை மூட்டினார். வளைந்த இடத்தை மட்டும் மெதுவாகக் காய்ச்சினார். சம்மட்டியால் அடிக்கவில்லை, அடித்தால் இன்னொரு பக்கம் கோணும் என்றார். தரையில் பதித்திருந்த தண்டவாளத் துண்டோடு அச்சைச் சங்கிலியால் இறுக்கி, முனைக்கு அடியில் ஜாக்கியை வைத்து, கொஞ்சம் ஏற்றுவார், நூல் பிடிப்பார், மறுபடி காய்ச்சுவார், மறுபடி கொஞ்சம் ஏற்றுவார். கடைசியில் நூலும் இரும்பும் ஒட்டிக்கொண்டன. சிவப்பு மாறாத அச்சைச் சாம்பல் குவியலுக்குள் புதைத்தார். அது தானாக, மெள்ள மெள்ள ஆற வேண்டுமாம். "நாளைக் காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தண்ணி ஒரு சொட்டுப் படக்கூடாது. நீ பாத்துக்க புள்ள" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சின்னம்மா வந்தாள். இரண்டு செம்பு மஞ்சள் தண்ணீர், அதில் வேப்பிலை. பேய் பிடித்தவர்களுக்கும் தீட்டுப்பட்ட வீட்டுக்கும் நாம் ஊற்றுவதுதானே. "இரும்பு வாயத் தொறந்து கெடக்கிறப்பதான் உள்ள இருக்கிறது வெளிய போகும். ஆறிப்போச்சுன்னா அவன் உள்ளயே தங்கிருவான். நாப்பது பேரு ஏறப்போற வண்டி" என்றாள். நான் ஒரு நிமிஷம் நின்றேன். பட்டறையில் ஆள் இல்லை, வெளியே நல்ல வெயில். அவர் சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் சாம்பலை விலக்கியது என் கைதான். செம்பை வாங்கி ஊற்றியதும் நான்தான்.

அந்தச் சீறல் இன்னும் என் காதில் கேட்கிறது. வெள்ளையாக ஆவி எழுந்து என் முகத்தை மூடியது. மஞ்சளும் நனைந்த சாம்பலும் மணந்தன. ஆவிக்குள்ளே எனக்கு முன்னால் யாரோ நெருங்கி நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது செம்பை ஊற்றும்போது இரும்புக்குள்ளே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். நகம் முறிகிற மாதிரி. சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டான்" என்றாள்.

ஈரச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, காய்ந்த சாம்பலைப் போட்டு முன்போலவே மூடி வைத்தோம். அவர் கேட்டபோது யாரும் வரவில்லை என்றேன்.

அச்சை மாட்டி ஓட்டினார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் குச்சி சரியாக நுழைந்தது. லொறித் தடத்தின் மேலேயே பின்வண்டித் தடம் விழுந்தது. குடம் சுடவில்லை, சத்தம் இல்லை. காசிம் நானா பட்டறைக்கே வந்து உன் மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கினார். லயத்திலோ உன் மச்சான் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் மஞ்சள் தண்ணீர் விஷயம் தெரிந்திருந்தது. சின்னம்மா வாய் சும்மா இருக்குமா? இரும்பை அவர் நிமிர்த்தினார், தம்பியை அக்கா வழியனுப்பினாள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு கிழமை, ஏழு நாள் போனது. விடிந்தால் தேர்ப் பயணம். சாயங்காலம் வெயில் இருக்கும்போதே பின்வண்டியைக் கழுவித் தோரணம் கட்டினார்கள். உன் மச்சான் அச்சில் படிந்திருந்த கிரீஸையும் சேற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். வண்டிக்குத் திருநீறு பூசச் சொல்லி என்னிடம் தட்டைக் கொடுத்தார்கள். குனிந்து வண்டிக்கு அடியில் போனேன். அச்சின் நடுவில் பூசத்தான் நினைத்தேன். கை இடது பக்கம் போனது. நிமிர்த்தின இடத்தில், மூன்று விரலால் பட்டையாகப் பூசினேன்.

வெளியே வர நினைத்தவள் வரவில்லை. வெள்ளைத் திருநீற்றின் மேல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கறுப்புக் கோடு எழும்பியது. மயிரை விட மெல்லிசு. யாரோ உள்ளே இருந்துகொண்டு எழுதுகிற மாதிரி, ஓர் ஓரத்தில் தொடங்கி, மூன்று பட்டையையும் குறுக்கே அறுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. என் பின்னால் குனிந்து பார்த்த சின்னம்மா, "அவன் போகலடி. எழுதுறான்" என்றாள்.

கூட்டம் கூடிவிட்டது. உன் மச்சான் உள்ளே வந்து பார்த்தார். திருநீற்றைத் துடைத்தார். மறுபடி மண்ணெண்ணெய் தொட்டார், ஒற்றி எடுத்தார், தானே திருநீறு பூசினார். மறுபடி அதே இடத்தில், அதே கோடு. அவர் முகம் வெளுத்துவிட்டது. உன்னைப் பார்த்துப் பயந்த முகம் இல்லை அது.

அந்த நேரத்தில் தோட்டத்து ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், கோபம் வந்தால் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். வண்டி போகாது, அச்சில் வெடிப்பு என்று உன் மச்சான் சொன்னார். "போன கிழமை நிமித்தினது நீர்தானே? நல்லாக் கிடக்கு எண்டு சொன்னதும் நீர்தானே? ஒரு கிழமைக்குள்ள எப்பிடி வெடிக்கும்? நீரும் இவையோட சேந்து பேய்க்கதை சொல்லுறீரோ?" என்றார். நாளையை விட்டால் துரை இன்னொரு நாள் தரமாட்டார், வண்டி போகத்தான் வேண்டும் என்று முடித்துவிட்டார்.

முறைப்படி ஆறின இரும்பு ஏன் வெடித்தது என்று உன் மச்சானுக்கே தெரியவில்லை. அதற்குள் சின்னம்மா இன்னொரு செம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள். ஊற்றினால் சரியாகிவிடும், போகலாம் என்று பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி பட்டுச்சா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். பழி உன் மேலேயே இருந்திருக்கும். உனக்கு அதனால் என்ன நஷ்டம்? ஒரு கிழமையாக என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தவர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். ஆனாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"நான்தான் ஊத்துனேன். நெருப்பா இருக்கிறப்பவே. ரெண்டு செம்பு. உள்ள 'டிக்'குன்னு சத்தம் கேட்டுச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. "நானா, ஜாக்கியப் போடுங்க" என்றார். அச்சைக் கழற்றி இரண்டு கல்லின் மேல் குறுக்கே வைத்தார். தோட்டத்துச் சாமானை உடைத்தால் யார் பதில் சொல்வது என்று கிளாக்கர் கேட்டார். நான் சொல்றேங்கையா என்று சம்மட்டியை ஓங்கினார். நல்ல இரும்பு வளையும், எகிறும். இது இரண்டாவது அடியில் முறுக்கு உடைகிற மாதிரி உடைந்தது. உடைந்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாதி அப்போதுதான் உடைந்ததால் சீனி மாதிரி மின்னியது. மற்றப் பாதி ஏற்கெனவே விட்டுப்போய்த் துரு ஏறியிருந்தது. அந்தத் துருவின் ஓரத்தில் மஞ்சள் கறை. என் கை மஞ்சள். நாற்பது பேரை அந்த மின்னின பாதி மட்டும்தான் சுமந்திருக்கும்.

கிளாக்கர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். கொண்டுவந்த செம்பைச் சின்னம்மா தரையில் வைத்துவிட்டாள். காசிம் நானா குனிந்து அந்தக் கறையைப் பார்த்தார். "ஒரு மாசமா மௌத்தாப் போன புள்ளெ மேல பழி போட்டுட்டோமே" என்றார்.

நாங்கள் குறுக்குப் பாதையில் நடந்தே போய்த் தேர் பார்த்தோம். போகும்போதும் வரும்போதும் என்னோடு யாரும் பேசவில்லை. மகள் மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய்தான் காய்ந்த திருநீற்றில் ஊறி மேலே வந்தது என்று உன் மச்சான் பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பெரிய வேலைத்தலங்களில் சுண்ணாம்பு பூசி இப்படித்தான் பார்ப்பார்களாம். நான் நம்புகிறேன். நடுவில் பூசப் போன கை ஏன் இடது பக்கம் போனது என்று ஒரு தடவை அவரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உன்னை நான் கேட்க மாட்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. உன்னை வழியனுப்பத்தான் ஊற்றினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். உன்னை விரட்டத்தான் ஊற்றினேன். நீ நாற்பது பேரைப் பள்ளத்தில் இழுப்பாய், என் பிள்ளையையும் இழுப்பாய் என்று நான் நம்பினேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நம்பினேன். வண்டி சுமக்க முடியாமல் நொண்டிக்கொண்டு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்ட எனக்கு உன் மேல்தான் சந்தேகம் வந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்கிற வார்த்தை நான் படித்த அஞ்சு வகுப்பில் இல்லை.

அதற்கப்புறம் எதையும் விரட்ட நான் தண்ணீர் எடுத்ததில்லை. இந்தக் கண்டி வீட்டில் சில நாள் காரணம் இல்லாமல் கதவு தட்டும் சத்தம் கேட்கும். மருமகள் சாம்பிராணி போடலாமா என்பாள். வேண்டாம் என்று நானே போய்த் திறப்பேன். தாழ்ப்பாளைப் பார்ப்பேன், கீலைப் பார்ப்பேன். ஒன்றும் கோணியிருக்காது. வெளியே ஆளும் இருக்க மாட்டார்கள். உடனே கதவைச் சாத்த மாட்டேன் தம்பி. ஒருவர் உள்ளே வரும் அளவுக்கு ஒதுங்கி நின்று, கொஞ்ச நேரம் விட்டுத்தான் சாத்துவேன்.

உன் அக்கா